கேஸ் ஜெயித்தது, செலவுப் பணம் யார் தருவது?

வழக்குப் போடும் கம்பெனியிடம் கோர்ட்டு முன்கூட்டியே கேட்கும் ஜாமீன்

திற்பரப்புக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கத்தான் போகிறார்கள். கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து பாறை மேல் விழுகிறது. பக்கத்திலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில், பன்னிரண்டு கோயில்களுக்கு ஓடுகிற பக்தர்கள் மூன்றாவதாக வந்து சேரும் கோயில் இது.

வழியெங்கும் நிற்கும் மரங்களை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை ரப்பர் மரங்கள். பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு. அதன் கீழே ஒரு சிரட்டை. விடிவதற்கு முன்பே எழுந்து பால் வெட்டுகிறார்கள். பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்துத் தகடாக்கி, காய வைத்து "ஷீட்டு" என்று விற்கிறார்கள். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் விளைகிறது.

இந்த ஊரில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் ஒருவரை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். கற்பனை மனிதர்தான். ஆனால் அவருக்கு வரப்போகும் கஷ்டம் எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடியது.

அவர் ஒரு கம்பெனிக்கு ஷீட்டு விற்றார். கம்பெனியின் பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆறு மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. பிறகு ஒரு நாள் பணத்துக்குப் பதிலாகக் கோர்ட்டு சம்மன் வந்தது. "நீ கொடுத்த சரக்கு மட்டம். அதனால் எங்களுக்கு 10 லட்ச ரூபாய் நஷ்டம். அதைக் கொடு" என்று கம்பெனி பிராது போட்டிருந்தது.

தோட்டக்காரர் பதறிப் போனார். சரக்கில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன? கோர்ட்டில் சொல்ல வக்கீல் வேண்டும். நாகர்கோவில் சுமார் 40 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டும். அன்றைக்குப் பால் வெட்டும் போகும், கூலியும் போகும். வக்கீல் பீசுக்கு மனைவியின் சங்கிலி பாங்கிக்குப் போயிற்று.

நான்கு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் வழக்கு தள்ளுபடி. "செலவுத் தொகையுடன் தள்ளுபடி" என்று நீதிபதி எழுதியிருந்தார். அதாவது தோட்டக்காரருக்கு ஆன செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும்.

டிக்ரியை எடுத்துக்கொண்டு கோர்ட்டு அமீனா ஜப்திக்குப் போனார். கம்பெனி இருந்த அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு மேஜையும் இருந்தன. மேஜை வாடகை மேஜை!

"கேசு செயிச்சாச்சு எண்ணு சொன்னியளே, சங்கிலி எப்போ வரும்?" என்று மனைவி கேட்டாள். அவரிடம் பதில் இல்லை.

கம்பெனியை நடத்தியவர்கள் எங்கேயும் ஓடிப் போகவில்லை. அதே ஊரில் காரில்தான் போகிறார்கள். அந்தக் காரை ஜப்தி செய்ய முடியாது. ஏன் முடியாது?

"லிமிடெட்" என்ற சொல்

பழைய காலத்து வியாபாரத்தில் இப்படித் தப்ப முடியாது. 1906ஆம் வருஷம் அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரப் பாங்கி முறிந்தது. அது லிமிடெட் கம்பெனி அல்ல. பங்காளிகள் சேர்ந்து நடத்திய கூட்டு வியாபாரம். அந்த மாதிரி வியாபாரத்தில் கடையில் பணம் இல்லை என்றால் பங்காளியின் சொந்த வீடும் நிலமும் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாங்கியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 18 மாதக் கடுங்காவலும் பெற்றார்.

லிமிடெட் கம்பெனி வேறு ஜாதி. சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். அதற்குச் சொந்தப் பெயர், சொந்தச் சொத்து, சொந்தக் கடன். அது வழக்குப் போடலாம். அதன் மேலும் வழக்குப் போடலாம். பங்கு வாங்கியவர் தன் பங்குப் பணத்தை முழுதும் கட்டிவிட்டால் அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. கம்பெனி நூறு கோடி கடன்பட்டாலும் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது.

இதை உறுதி செய்த வழக்கு ஒரு பூட்ஸ் வியாபாரியின் வழக்கு. லண்டனில் ஏரன் சாலமன் என்பவர் தம் வியாபாரத்தை ஒரு கம்பெனி ஆக்கினார். மொத்தப் பங்குகள் 20,007. அதில் 20,001 அவருடையது. மீதி ஆறும் மனைவி மக்களுக்கு ஆளுக்கொன்று! கம்பெனி முறிந்தது. "கம்பெனியும் இவரும் ஒன்றுதானே, இவரிடமே வசூலியுங்கள்" என்று கடன்காரர்கள் தரப்பில் வாதம் நடந்தது. 1896இல் பிரபுக்கள் சபை அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்பு ஆயிற்று. இன்று வரை உலகத்தில் பாதிக் கம்பெனிச் சட்டம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் நன்மை உண்டு. பத்துப் பேர் துணிந்து பணம் போட்டுத் தொழில் நடத்த இதுதான் வழி. ரயிலும் மில்லும் கப்பலும் இப்படி வந்தவைதான். ஆனால் இதையே ஒருவர் கெட்ட எண்ணத்தோடு பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? காசில்லாத ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அதன் பெயரில் ஒருவர் மேல் வழக்குப் போடலாம். ஜெயித்தால் பணம். தோற்றால் கம்பெனிதானே தோற்றது! எதிராளிக்கு ஆன செலவுக்குக் கம்பெனியிடம் காசு இல்லை என்று கையை விரிக்கலாம்.

ஓட்டையை அடைக்க ஒரு பிரிவு

இங்கிலாந்தில் இந்த ஆபத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1862ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு இருந்தது.

நம் நாட்டில் 1956ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி அமலுக்கு வந்தது. அப்போது திற்பரப்பு திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் 632ஆம் பிரிவு சொன்னது இதுதான்:

ஒரு லிமிடெட் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. எதிராளி ஜெயித்தால் அவருடைய செலவைக் கம்பெனியால் கொடுக்க முடியாது என்று நம்பக் காரணம் இருக்கிறது. அப்போது கோர்ட்டு, "அந்தச் செலவுக்குப் போதுமான ஜாமீன் கொடு" என்று கம்பெனிக்கு உத்தரவு போடலாம். ஜாமீன் கொடுக்கும் வரை வழக்கை நிறுத்தியும் வைக்கலாம்.

இதை இங்கிலீஷில் "செக்யூரிட்டி ஃபார் காஸ்ட்ஸ்" என்கிறார்கள். "செலவு ஜாமீன்" என்று சொன்னால் நமக்குப் புரியும்.

ஜாமீன் என்றதும் போலீஸ், லாக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே யாரையும் பிடித்து வைப்பதில்லை. பணத்தைக் கோர்ட்டில் கட்டலாம். அல்லது ஒரு பாங்கி, "இவர்கள் தோற்றால் இத்தனை ரூபாய் நாங்கள் தருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கலாம். சொத்தை ஈடு காட்டலாம். கம்பெனி ஜெயித்தால் கட்டியது திரும்பி வந்துவிடும். தோற்றால் எதிராளி தம் செலவை அதிலிருந்து எடுத்துக் கொள்வார். அமீனாவும் வேண்டாம், வாடகை மேஜையை எண்ணவும் வேண்டாம்.

சிங்கப்பூர் கம்பெனிச் சட்டத்திலும் இது 388ஆம் பிரிவாக இருக்கிறது. மலேசியாவிலும் உண்டு. அங்கே வியாபாரம் செய்யும் நம்மவர்கள் பலர் இதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள்.

இந்த ஜாமீனை வழக்குப் போட்டவரிடம்தான் கேட்கலாம். வழக்கில் இழுக்கப்பட்டவர் தாமாக வரவில்லை; சம்மன் வந்ததால் வந்தார். தம்மைக் காத்துக்கொள்ள அவரிடம் முன்பணம் கேட்பது எப்படி நியாயம் ஆகும்?

இன்னொரு விஷயம். மனிதர்கள் வேறு, கம்பெனி வேறு. ஏழை மனிதர் வழக்குப் போட்டால், ஏழை என்ற ஒரே காரணத்துக்காக அவரிடம் செலவு ஜாமீன் கேட்பதில்லை என்பது பழைய இங்கிலீஷ் சட்டத்தின் வழக்கம். ஏழைக்குக் கோர்ட்டுக் கதவு மூடக்கூடாது. கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் பின்னால் பணக்காரர் ஒளிந்திருக்கலாம் அல்லவா?

ஒரு குட்டித் தீவின் கதை

இந்த ஜாமீன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கக் கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டும். காரணம், ஒரு தேசத்தையே காப்பாற்றிய ஜாமீன் உத்தரவு அங்கேதான் பிறந்தது.

மேற்கிந்தியத் தீவுகளில் செயிண்ட் லூசியா என்று ஒரு தீவு. வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் காப்டனாக இருந்து 2012, 2016 ஆகிய இரண்டு வருஷங்களில் இருபது ஓவர் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த டேரன் சாமி பிறந்த தீவு. பரப்பு சுமார் 617 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது. ஜனத்தொகையோ நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு.

2000ஆம் வருஷத்தில் இந்தத் தீவின் சர்க்கார், ஆர்.எஸ்.எம். புரொடக்ஷன் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. தீவைச் சுற்றியுள்ள கடலில் எண்ணெய் தேடும் உரிமை கம்பெனிக்கு. ஆனால் அண்டை நாடுகளோடு கடல் எல்லைத் தகராறு குறுக்கிட்டது. தேடும் வேலை நடக்கவில்லை. வருஷங்கள் ஓடின. ஒப்பந்தம் முடிந்து போயிற்று என்றது சர்க்கார். இன்னும் உயிரோடு இருக்கிறது என்றது கம்பெனி.

2012இல் கம்பெனி வழக்குப் போட்டது. இந்த மாதிரி வழக்குகளுக்கு என்று உலக வங்கியின் கீழ், வாஷிங்டனில் ஒரு மத்தியஸ்த ஸ்தாபனம் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்கும் ஒரு நாட்டின் சர்க்காருக்கும் தகராறு வந்தால் மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். விசாரணைச் செலவு சாமான்யம் அல்ல. மத்தியஸ்தர்களுக்குக் கட்டணம், வெளிநாட்டு வக்கீல்களுக்குக் கட்டணம், நிபுணர்களுக்குக் கட்டணம். ஒரு குட்டித் தீவின் கஜானாவுக்கு அது பெரிய சுமை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய பணம் வக்கீல் பீசாகப் போகும்.

செயிண்ட் லூசியா ஒரு மனுப் போட்டது. "நாங்கள் ஜெயித்தால் எங்கள் செலவை இந்தக் கம்பெனி கொடுக்காது. முன்பே ஜாமீன் வாங்கிக் கொடுங்கள்."

மத்தியஸ்தர்கள் கம்பெனியின் பழைய கணக்கைப் புரட்டினார்கள். கிரெனடா என்ற இன்னொரு குட்டித் தீவோடு நடந்த வழக்குகளில் இதே கம்பெனி கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தது தெரிய வந்தது. கையில் போதிய பணம் இல்லை என்பதும் தெரிந்தது. வழக்குக்குப் பணம் போடுகிறவர் வேறு யாரோ ஒருவர் என்பதும் வெளிவந்தது. கம்பெனி ஜெயித்தால் அந்த மனிதருக்கு லாபத்தில் பங்கு வரலாம். தோற்றால் அவர் பொறுப்பு ஏற்பாரா? அதற்கு ஓர் உறுதியும் இல்லை.

2014ஆம் வருஷம் ஆகஸ்டு 13ந் தேதி உத்தரவு வந்தது. "30 நாளுக்குள் 7,50,000 டாலருக்குப் பாங்கி உத்தரவாதம் கொடு." அன்றைய மதிப்பில் அது சுமார் நாலரைக் கோடி ரூபாய். அந்த மத்தியஸ்த ஸ்தாபனத்தின் சரித்திரத்திலேயே இப்படி ஓர் உத்தரவு வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று மத்தியஸ்தர்களில் இரண்டு பேர் இதற்குச் சம்மதித்தார்கள், ஒருவர் ஒப்பவில்லை. இதற்கெல்லாம் விதிகளில் இடம் இருக்கிறதா என்ற சந்தேகம் அன்றைக்கு இருந்தது.

கம்பெனி பாங்கி உத்தரவாதம் கொடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் பிறகும் ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்போதும் வரவில்லை. 2016இல் வழக்கையே தள்ளிவிட்டார்கள். கம்பெனி மறு பரிசீலனைக்குப் போனது. 2019இல் அதற்கு ஒரு சின்ன வெற்றி: "இந்தக் கோரிக்கையை இனி ஒருபோதும் கிளப்பக்கூடாது" என்று சொன்ன பகுதி மட்டும் ரத்தாயிற்று.

ஜாமீன் கேட்காமல் விசாரணை நடந்து, தீவு ஜெயித்திருந்தால்? திற்பரப்புத் தோட்டக்காரர் கையில் இருந்த டிக்ரியைப் போல ஒரு காகிதம் தீவின் கையில் இருந்திருக்கும்.

வழக்குக்குப் பணம் போடுகிறவர் என்றதும் "நம் ஊரில் இதெல்லாம் உண்டா?" என்று கேட்கலாம். உண்டு. அது தன்னளவில் சட்டவிரோதம் அல்ல என்று 1876ஆம் வருஷத்திலேயே லண்டன் பிரிவி கவுன்சில் நம் நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரம் முதலான சில மாநிலங்களில், அப்படிப் பணம் போடுகிறவரையும் வழக்கில் சேர்த்து அவரிடமே ஜாமீன் கேட்கலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். நல்ல விதி. மற்ற மாநிலங்களும் இதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

கத்திக்கு இரண்டு பக்கம்

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் எல்லாக் கம்பெனியிடமும் ஜாமீன் வாங்கிவிட வேண்டியதுதானே?" என்று நினைப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

திற்பரப்புக்கே திரும்பி வருவோம். இந்தத் தடவை பத்துச் சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து தாங்களே ஒரு கம்பெனி பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடைத்தரகர் இல்லாமல் வடக்கே ஒரு பெரிய தொழிற்சாலைக்கு ஷீட்டு அனுப்புகிறார்கள். சரக்கு போயிற்று, பணம் வரவில்லை. பத்துப் பேரும் வழக்குப் போடுகிறார்கள். தொழிற்சாலையின் பெரிய வக்கீல் எழுந்து நின்று, "இந்தக் கம்பெனியிடம் காசே இல்லை. 20 லட்ச ரூபாய் ஜாமீன் கேளுங்கள்" என்கிறார்.

காசு ஏன் இல்லை? தொழிற்சாலை பாக்கியைக் கொடுக்காததால்தான் இல்லை!

கிட்டத்தட்ட இதே வழக்கு 1973இல் லண்டன் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் சர் லிண்ட்சே பார்க்கின்சன் என்ற பெரிய கட்டட கம்பெனி. மறு பக்கம் டிரிப்ளான் என்ற சிறிய கம்பெனி. சிறியது தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டது. பெரியது செலவு ஜாமீன் கேட்டது. டென்னிங் பிரபு அந்தக் காலத்து இங்கிலாந்தில் மிகவும் பேசப்பட்ட நீதிபதி. கம்பெனியிடம் காசில்லை என்பதற்காக ஜாமீன் உத்தரவு தானாக விழுந்துவிடாது என்றார். நீதிபதி யோசித்துத்தான் போட வேண்டும் என்றார்.

என்னென்ன யோசிக்க வேண்டும் என்றும் அவர் எடுத்துச் சொன்னார். வழக்கு உண்மையானதா, வெறும் மிரட்டலா? ஜெயிக்க வழி இருக்கிறதா? எதிராளி கடனில் ஒரு பகுதியையாவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? நியாயமான வழக்கின் குரல்வளையை நெரிக்கவே ஜாமீன் கேட்கிறாரா? கம்பெனி ஏழையானதற்கு எதிராளியே காரணமா? மனுவை ஏன் இத்தனை தாமதமாகப் போட்டார்?

டிரிப்ளான் கம்பெனி ஜாமீன் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பு ஆயிற்று. அந்தக் கேள்விகளை இங்கிலீஷ் சட்டத்தைப் பின்பற்றும் பல நாடுகளின் கோர்ட்டுகள் இன்றும் கேட்கின்றன. நம் பத்துத் தோட்டக்காரர்களின் வக்கீல் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்விகள் இவை.

கேரளத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். காதர் இண்டர்நேஷனல் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற கம்பெனி யூனியன் பாங்கியின் மேல் வழக்குப் போட்டது. கோர்ட்டுக் கட்டணம் கட்ட எங்களிடம் பணம் இல்லை, ஏழைகளுக்கு உள்ள சலுகையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டது. கம்பெனி எப்படி ஏழை ஆகும் என்றது பாங்கி. 2001இல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தில் "ஆள்" என்ற சொல்லில் கம்பெனியும் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. கம்பெனியும் ஏழையாக வழக்குப் போடலாம்!

சிரிப்பு வருகிறது. ஆனால் எல்லாக் கம்பெனியும் ஏமாற்றுக் கம்பெனி அல்ல என்பதும் உண்மைதானே.

இன்றைய நிலை என்ன?

இப்போது ஒரு செய்தி. 1956ஆம் வருஷத்துச் சட்டம் போய் 2013ஆம் வருஷத்தில் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதில் அந்த 632ஆம் பிரிவுக்கு இடம் இல்லை. கம்பெனிக்கென்றே இருந்த செலவு ஜாமீன் பிரிவு போய்விட்டது.

அதனால் தோட்டக்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் இன்னும் இருக்கிறது. வக்கீல்கள் சி.பி.சி. என்பது அதைத்தான். அதில் 25ஆவது ஆர்டர் செலவு ஜாமீனைப் பற்றியது. எந்த வாதியிடமும், காரணத்தை எழுதி வைத்து, கோர்ட்டு ஜாமீன் கேட்கலாம். வாதி வெளிநாட்டில் இருக்கிறவர், வழக்கிலுள்ள சொத்தைத் தவிர இந்தியாவில் போதிய நிலமோ கட்டடமோ இல்லாதவர் என்றால், கேட்டே ஆக வேண்டும். குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் வழக்கு தள்ளுபடி. தக்க காரணம் காட்டினால் அதை மறுபடி எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் தோற்று அப்பீலுக்குப் போகிறவரிடம் ஜாமீன் கேட்க 41ஆவது ஆர்டரில் 10ஆவது விதி இருக்கிறது.

ஆனால் எல்லை மீறவும் கூடாது. டெல்லி ஐகோர்ட்டு ஒரு வழக்கில் வாதியிடம், "நீ தோற்றால் எதிராளிக்கு 25 லட்ச ரூபாய் கொடுப்பதாக எழுதிக் கொடு" என்று உத்தரவு போட்டது. 2010இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. செலவுக்கு ஜாமீன் கேட்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தில் இல்லாத பெருந்தொகையைச் சொல்லி, வழக்குப் போட வந்தவரைப் பயமுறுத்த இடமில்லை.

நம் நாட்டில் உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. செலவுத் தொகை என்று கோர்ட்டு கணக்கிடுவது, ஆன செலவில் கால் பங்குகூட இருப்பதில்லை என்று கட்சிக்காரர்கள் நெடுநாளாகப் புலம்புகிறார்கள். பொய் வழக்கு, தொல்லை கொடுக்கப் போட்ட வழக்கு என்று நிரூபித்தால்கூட, 35-ஏ பிரிவின்படி கிடைக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். நான்கு வருஷ அலைச்சலுக்கு 3,000 ரூபாய்! இவ்வளவு சின்னத் தொகைக்கு ஜாமீன் வாங்கித்தான் என்ன ஆகப் போகிறது?

இந்தப் புலம்பலைச் சுப்ரீம் கோர்ட்டின் காதுக்குக் கொண்டுபோன வழக்கு ஒன்றில் தமிழ்நாட்டு ஊரின் பெயர் இருக்கிறது: சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கு. 2005 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அவரவர் செலவு அவரவருக்கு என்று கோர்ட்டுகள் எழுதிவிடும் பழக்கம், வீண் வழக்குப் போடுகிறவர்களுக்குத் துணிச்சல் கொடுக்கிறது என்று சுப்ரீம் கோர்ட்டு குறை கூறியது. நியாயமாக ஆன உண்மைச் செலவைக் கொடுக்க வேண்டும் என்றது. வக்கீல் பீஸ், கோர்ட்டுக் கட்டணம், டைப் அடித்த கூலி, பிரயாணச் செலவு, தங்கிய செலவு, ஜெயித்தவர் இழந்த நேரம், இவை எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்தது.

2015ஆம் வருஷத்து வணிகக் கோர்ட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. வியாபாரத் தகராறுகளில் தோற்றவர் செலவு கொடுப்பதே பொது விதி என்று எழுதி வைத்தது. முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தகராறுகளுக்குத்தான் அந்தச் சட்டம். 2018இல் அந்த அளவை 3 லட்ச ரூபாயாகக் குறைத்தார்கள். நம் தோட்டக்காரரின் 10 லட்ச ரூபாய் வழக்கு போன்றவையும் இதனால் உள்ளே வர வழி பிறந்தது.

சங்கிலியை மீட்க

சம்மன் வந்த அன்றைக்கே நம் தோட்டக்காரர் என்ன செய்திருக்கலாம்?

வக்கீலிடம், "இந்தக் கம்பெனிக்கு சொத்து ஏதாவது இருக்கா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் வருஷா வருஷம் தன் வரவு செலவுக் கணக்கையும் சொத்து, கடன் விவரத்தையும் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கட்டணம் கட்டினால் அதை யாரும் பார்க்கலாம். சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதுகூட இல்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. குலசேகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம். பங்குப் பணம் எத்தனை, எந்தப் பாங்கியிடம் எந்தச் சொத்து அடமானம், கணக்குக் கொடுக்காமல் எத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறார்கள், எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும்.

அந்தக் காகிதத்தோடு 25ஆவது ஆர்டரில் ஒரு மனுப் போட வேண்டும். கேஸ் தொடங்கிய உடனேயே போட வேண்டும். மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டுத் தீர்ப்புக்கு முதல் மாதம் போய் நின்றால், "இத்தனை நாள் எங்கே இருந்தீர்?" என்று நீதிபதி கேட்பார். இதுவரை ஆன செலவு எத்தனை, இனி ஆகப் போவது எத்தனை என்று ஒரு கணக்கும் கொடுக்க வேண்டும். மனு தள்ளுபடியும் ஆகலாம். ஆனால் கேட்காதவருக்கு யாரும் தரப் போவதில்லை.

வக்கீல் வைக்கவே வசதி இல்லை என்கிறவர்களுக்கு 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச சட்ட உதவி இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டிலேயே அதன் ஆபீஸ். பெண்களுக்கு வருமானக் கணக்குக்கூடக் கிடையாது. வழக்கு மனைவியின் பெயரில் வந்திருந்தால் அவளே போய்க் கேட்டிருக்கலாம்.

இன்னும் ஒன்று. நாகர்கோவிலுக்குப் போய் வந்த பஸ் டிக்கெட்டைப் பெரும்பாலோர் இறங்கின இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். வக்கீலிடம் பணம் கொடுத்துவிட்டு ரசீது கேட்கக் கூச்சப்படுகிறார்கள். சேலம் தீர்ப்பு சொன்ன கணக்கில் அந்த டிக்கெட்டும் சேரும், அந்த ரசீதும் சேரும். ரப்பர் விற்ற சீட்டுகளைப் போட்டு வைக்கும் தகர டப்பாவில் அவற்றுக்கும் இடம் இருக்கும்.